முருங்கைக்காய் எந்த வழியாக வந்தது?

லண்டனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய பன்னிரண்டு வயது மகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். சமையலறையிலிருந்து ஐந்து பொருள்களை எடுத்து, ஒவ்வொன்றும் விளைந்த நாட்டிலிருந்து வீடு வரைக்கும் உலகப் படத்தில் கோடு வரைய வேண்டும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு கேடு என்று வகுப்பில் விளக்கியிருக்கிறார்கள். மகள் எடுத்தவை முருங்கைக்காய், சிவப்புப் புழுங்கல் அரிசி, மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால் டின், கறிவேப்பிலை. வகுப்பிலேயே நீளமான கோடுகள் அவளுடையவைதான். வீட்டுக்கு வந்து, "அம்மா, நாங்கள்தான் உலகத்தைக் கெடுக்கிறோமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தமிழ்க் கடைக்குள் நுழையும்போதே நெஞ்சு உறுத்துகிறது, இவற்றை வாங்குவதை நிறுத்திவிட வேண்டுமா என்பது தாயின் கேள்வி. கூடவே, கறிவேப்பிலைச் செடி இந்த ஊர்ச் சன்னலில் பிழைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் உணவுச் சரக்குத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். முதலில் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் வெண்டிக்காய்ப் பெட்டிகளை எண்ணி இறக்கினேன். பிறகு, ஒரு பெட்டி வந்து சேர்வதற்குள் எவ்வளவு கரியமிலவாயு வெளியேறியது என்று கணக்கெழுதும் வேலைக்கு மாறினேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் மகள் வரைந்த ஐந்து கோடுகளில் மூன்றுக்காக நீங்கள் ஒரு நிமிடம்கூட வருந்த வேண்டியதில்லை. இரண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த ஐந்தையும்விடப் பெரிய பொருள் ஒன்று உங்கள் குளிர்பெட்டியில் இருக்கக்கூடும். அது அந்தப் படத்தில் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் வகுப்பிலேயே குட்டையான கோடு அதற்குத்தான் கிடைத்திருக்கும்.

உணவு மைல், அதாவது உணவு விளைந்த இடத்திலிருந்து தட்டுக்கு வர எவ்வளவு தூரம் என்ற பேச்சு பிறந்ததே பிரிட்டனில்தான். 1990-களின் தொடக்கத்தில் டிம் லாங் என்ற உணவுக் கொள்கை அறிஞர் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1994-இல் அந்தப் பெயரிலேயே ஓர் அறிக்கையும் வெளிவந்தது. தட்டில் இருப்பது எங்கே விளைந்தது, யார் விளைவித்தார், வழியில் என்னென்ன நடந்தது என்று மக்கள் கேட்கத் தொடங்க வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் கேள்விகளில் தூரம் ஒன்றுதான் எவரும் சுலபமாக அளக்கக்கூடியது. ஒரு படமும் ஓர் அடிக்கோலும் போதும். அதனால் மற்றக் கேள்விகள் மெல்ல உதிர்ந்து, மைல் மட்டும் மிஞ்சிவிட்டது. பள்ளிப் பாடத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்த மிச்சம்தான்.

தூரத்தைவிட முக்கியமானது வாகனம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, பெரிய கொள்கலன் கப்பல் ஏறத்தாழ 10 முதல் 20 கிராம் கரியமிலவாயுவை வெளியிடுகிறது. லாரி என்றால் அளவையும் சுமையையும் பொறுத்து 60 முதல் 200 கிராம். விமானம் என்றால் 600 கிராம் முதல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரை. உயரத்தில் பறப்பதால் வளிமண்டலத்தில் ஏற்படும் கூடுதல் வெப்ப விளைவைச் சேர்த்தால் மேல் எண், சேர்க்காவிட்டால் கீழ் எண். அதாவது, ஒரே தூரத்துக்குக் கப்பலைவிட விமானம் முப்பது முதல் நூறு மடங்கு வரை மோசம். பிரிட்டன் அரசு 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது: அந்நாட்டு உணவுப் போக்குவரத்தில் விமானத்தின் பங்கு, எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால், வெறும் 1 சதவீதம். அந்த ஒரு சதவீதம்தான் உணவுப் போக்குவரத்தின் மொத்தப் புகையில் 11 சதவீதத்தைக் கக்கியது.

இனி உங்கள் முருங்கைக்காய்க்கு வருவோம். கொழும்பிலிருந்து லண்டன் ஆகாய வழியில் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர். பச்சை முருங்கைக்காய் ஒரு கிலோ அப்படி வந்து சேர 5 முதல் 9 கிலோ கரியமிலவாயு செலவாகிறது. நடுவில் 7 என்று வைத்துக்கொள்வோம். அது மரத்தில் காய்த்ததற்கு ஆன செலவு அரைக் கிலோகூட வராது. நட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் தானே காய்க்கிற மரம் அது, உரமும் அதிகம் கேட்பதில்லை. ஆகவே இந்தக் காயின் முழுப் பாரமும் அதன் பயணத்தில்தான் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் இதே கணக்குத்தான், ஆனால் ஒரு கட்டு 50 கிராம்கூட இராது. பயித்தங்காய், பாகற்காய், பச்சையாக வரும் பொன்னாங்காணி, வல்லாரை, பனிக்கட்டியில் பொதித்து வரும் அறக்குளா மீன் எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும். இதை நான் மழுப்ப விரும்பவில்லை. உங்கள் மகள் ஒரு உண்மையைத் தொட்டிருக்கிறாள்.

பயணிகள் விமானம் எப்படியும் பறக்கத்தானே போகிறது, அதன் வயிற்றில் நாலு பெட்டி காய் ஏறினால் என்ன என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் காய்கறியில் பெரும்பகுதி அப்படிப் பயணிகளின் காலடியில்தான் வருகிறது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் கூடுதலாக எரிகிறது. சரக்குக் கட்டணமும் அந்தச் சேவையைத் தாங்கும் வருமானத்தில் சேர்ந்ததுதான். அது இல்லாவிட்டால் சில சேவைகளின் கணக்கே மாறிவிடும்.

அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் மூன்றும் கப்பலில் வருபவை. சூயஸ் கால்வாய் வழியாகக் கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர் கடல்வழி. பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று அந்தத் தூரத்தைக் கடக்க 2 கிலோ கரியமிலவாயு போதும். 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரலாயின. அப்படிச் சுற்றினாலும் அந்தப் பைக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல்தான். உங்கள் மகளின் படத்தில் அரிசிக் கோடும் முருங்கைக்காய்க் கோடும் ஒரே நீளம். உண்மையில், கிலோவுக்குக் கிலோ பார்த்தால், ஒன்று மற்றதைவிட முப்பது நாற்பது மடங்கு கனம். அடிக்கோலால் அந்த வேறுபாட்டை அளக்க முடியாது.

அரிசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கும் ஒரு பாரம் உண்டு. அது கடலில் இல்லை, வயலில் இருக்கிறது. நீர் தேங்கி நிற்கும் நெல்வயலில் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மீத்தேனை வெளிவிடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதரால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களிலிருந்து வருகிறது. அதனால் ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் 3, 4 கிலோ கரியமிலவாயுவுக்கு நிகரான வாயு இருக்கிறது. பத்துக் கிலோ பைக்கு 30, 40. கப்பலின் 2 கிலோவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மாற்றும் வயலில்தான் இருக்கிறது. நீரை எப்போதும் தேக்கி வைக்காமல், வடிந்து மண் லேசாக வெடிக்கும் வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தமிழ்நாட்டு உழவர்கள் சொல்வது இதைத்தான். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் எளிய வழி சொல்லிக்கொடுத்தது: துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். மீத்தேன் பாதியளவுக்குக்கூடக் குறையும், தண்ணீரும் மிஞ்சும். நேரத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் உழவர் வயலைக் காயவிடத் துணிவார். அந்த உறுதியைக் கொடுக்க வேண்டியது அரசு. லண்டனில் அரிசி வாங்கும் நீங்கள் அதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை. மொட்டைக்கறுப்பனோ சம்பாவோ, பிடித்ததை வாங்குங்கள், சமைத்ததைக் கொட்டாதீர்கள்.

மைசூர்ப் பருப்பைப் பற்றி ஒரே வரி போதும். கனடாவிலோ துருக்கியிலோ விளைந்து கப்பலில் வந்தாலும், பருப்பைவிடச் சுத்தமான புரதம் கடையில் கிடைப்பது அரிது. தன் வேருக்குத் தேவையான தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் பயிர் அது.

இப்போது அந்தக் குட்டைக் கோடு. ஆட்டிறைச்சி. வேல்ஸிலோ யோர்க்ஷயரிலோ மேய்ந்த ஆடு, முந்நூறு கிலோமீட்டர் லாரியில் வந்து தமிழ்க் கடையில் தொங்குகிறது. போக்குவரத்துக்கு ஆன புகை கிலோவுக்கு 100 கிராமைத் தாண்டாது. ஆனால் ஆடு அசைபோடும் பிராணி. அதன் வயிறே ஒரு மீத்தேன் கிடங்கு. ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு 20 முதல் 40 கிலோ கரியமிலவாயுவுக்கு நிகரான பாரம் உண்டு. விமானத்தில் வந்த முருங்கைக்காய் மூன்று கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை அதற்குச் சமம். ஆட்டிறைச்சிக் குழம்பில் முருங்கைக்காய் போட்டுச் சமைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தச் சட்டியில் எது கனமானது என்று எவரைக் கேட்டாலும், பறந்து வந்த காயைத்தான் காட்டுவார்கள்.

நான் தனியாக இதைச் சொல்லவில்லை. ஜோசப் பூர், தாமஸ் நெமெச்செக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உணவால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான். அதற்குப் பத்தாண்டு முன்பே, 2008-இல், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெபர், மேத்யூஸ் இருவரும் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் உணவை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். உணவு முழுவதையும் உள்ளூரிலேயே வாங்குவதால் கிடைக்கும் நன்மையைவிட, வாரத்தில் ஒரு நாளுக்கும் குறைவான அளவு சிவப்பிறைச்சியையும் பாலுணவையும் விட்டுக் கோழிக்கோ மீனுக்கோ காய்கறிக்கோ மாறுவதால் கிடைக்கும் நன்மை பெரிது என்று கண்டார்கள்.

வாரத்தில் ஒரு நாள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லை. நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் இல்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் இல்லை. பக்தியால் வந்த வழக்கம் அது, வளிமண்டலத்தை நினைத்து யாரும் தொடங்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைச் சட்டி செய்த நன்மையை ஒரு கோடாக வரைய அந்தப் பாடத்தில் இடமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2014-இல் பிரிட்டன் மக்களின் உணவை வகைப்படுத்திப் பார்த்தார்கள். நாளுக்கு 100 கிராமுக்கு மேல் இறைச்சி உண்பவரின் உணவுப் பாரம் நாளுக்கு 7.2 கிலோ கரியமிலவாயுவுக்கு நிகர், சைவ உணவுக்காரரின் பாரம் 3.8 கிலோ. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,200 கிலோவுக்கு மேல் வேறுபாடு. உங்கள் வீடு வாரந்தோறும் அரைக் கிலோ பச்சை முருங்கைக்காய் வாங்கினால், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கிலோ. சிறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது முதலில் என்பது தெரிகிறதல்லவா? (சைவமென்று சொல்லிக்கொண்டு சீஸை அள்ளிப் போட்டால் கணக்கு மறுபடி ஏறிவிடும். சீஸ் ஒரு கிலோவுக்கு 20-க்கு மேல்.)

உள்ளூர் என்பதே நல்லது என்ற எண்ணம் வேறு இடங்களிலும் வழுக்குகிறது. முன்னே சொன்ன 2005 அரசு ஆய்வில் ஒரு தக்காளிக் கணக்கு இருந்தது. பிரிட்டனில் சூடேற்றிய கண்ணாடிக் குடிலில் விளைந்த தக்காளி, டன்னுக்கு 2,394 கிலோ கரியமிலவாயு. ஸ்பெயினில் வெயிலில் விளைந்து லாரியில் வந்த தக்காளி 630 கிலோ. இப்போது கழிவு வெப்பத்தைப் பயன்படுத்தும் குடில்கள் இங்கே சில வந்துவிட்டன, ஆகவே இந்த எண் எல்லாக் குடிலுக்கும் பொருந்தாது. என்றாலும் பிப்ரவரியில் உள்ளூர்த் தக்காளி என்று அட்டை போட்டிருந்தால், எதைக் கொண்டு சூடேற்றினார்கள் என்று கேட்பது நியாயம். நியூசிலாந்து ஆட்டிறைச்சி பிரிட்டன் ஆட்டிறைச்சியைவிட நான்கில் ஒரு பங்கு கரியமிலவாயுதான் என்று 2006-இல் லிங்கன் பல்கலைக்கழகம் சொன்னதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது நியூசிலாந்துப் பல்கலைக்கழகம் என்பதையும், கணக்கில் எடுத்தது எரிசக்தியை மட்டுமே என்பதையும், ஆட்டின் வயிற்று மீத்தேன் அதில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2022-இல் வந்த வேறோர் ஆய்வு போக்குவரத்தின் பங்கு 6 அல்ல, 19 சதவீதம் என்றது. பண்ணைக்கு உரத்தையும் இயந்திரத்தையும் எரிபொருளையும் கொண்டுபோகும் பயணங்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். வழக்கமாக உணவு மைல் என்று நாம் நினைப்பதைவிட அது அகலமான கணக்கு. எந்தக் கணக்கை எடுத்தாலும் பெரும்பாரம் வயலிலும் தொழுவத்திலும்தான் விழுகிறது.

இதில் எனக்கு வலிக்கும் இடம் ஒன்று உண்டு. இந்தக் குற்றவுணர்வு எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. பெரு நாட்டிலிருந்து விமானத்தில் வரும் அஸ்பாரகஸ், கென்யாவிலிருந்து விமானத்தில் வரும் மெல்லிய போஞ்சி, குளிர்காலத்தில் பறந்து வரும் பெர்ரிப் பழங்கள் ஆகியவை நேர்த்தியான பெட்டியில் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வாங்கும் வீட்டுப் பிள்ளை, படத்துக்கு உருளைக்கிழங்கையும் பாலையும் எடுத்துப்போனால் கோடு குட்டையாகிவிடும். முருங்கைக்காய் வாங்கும் வீட்டுப் பிள்ளை தலைகுனிகிறாள். காய்கறியும் பழமும் எந்த நாட்டில் விளைந்தன என்று எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். எந்த வழியில் வந்தன என்று எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. 2007-இல் டெஸ்கோ, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய அங்காடிகள் விமானத்தில் வந்த பொருள்களில் ஒரு சின்ன விமானப் படத்தை ஒட்டத் தொடங்கின. உடனே கென்யாவிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. எங்கள் போஞ்சியில் மட்டும் விமானத்தை ஒட்டுகிறீர்கள், உங்கள் கண்ணாடிக் குடிலில் எரியும் வாயுவை எங்கே ஒட்டுவீர்கள் என்பதுதான் அதன் சாரம். பிரிட்டனுக்கு வரும் பச்சைக் காய்கறியையும் பழத்தையும் நம்பி ஆப்பிரிக்காவில் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு முறைகூட விமானத்தில் ஏறியிராதவர்கள்.

வெளியூர் உணவால் வரும் கேடு எனக்குப் புகையாகத் தெரிவதற்கு முன்பே விலையாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் அப்பா மிளகாயும் வெங்காயமும் போட்டவர். 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. கல்வீடுகள் எழுந்த காலம் அது. 1977-இல் சந்தை திறக்கப்பட்டதும் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு அந்த விலையை உடைத்தது. அதனால், உள்ளூர்க்காரரிடம் வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். பக்கத்துப் பண்ணை பிழைக்க வேண்டும், காசு ஊருக்குள் சுற்ற வேண்டும், பறித்த அன்றே சமைத்தால் ருசி என்பவையெல்லாம் சரியான காரணங்கள். வளிமண்டலத்தை மட்டும் அந்தக் காரணங்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

பச்சை முருங்கைக்காயை வாரச் சாமானாக வாங்காமல், விசேஷச் சாமானாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பச்சைக் காய், மற்ற நாளில் உறையவைத்தது. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ என்று எந்தத் தமிழ்க் கடையின் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலும் நறுக்கி உறையவைத்த முருங்கைக்காய், துருவிய தேங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, ராசவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைக்கும். இவை குளிரூட்டிய கொள்கலனில் கப்பலில் வருபவை. குளிரூட்டும் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், பறந்து வந்த காயின் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பச்சைக் காயின் ருசி அதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முன்கூட்டியே உருகவிட்டால் நார் பிரிந்து கூழாகிவிடும். உறைந்தபடியே, குழம்பு கொதித்து முடியும் நேரத்தில் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கினால் ஓரளவு நிற்கும்.

மற்றக் காய்களுக்கு இந்த நாட்டு மண்ணையே கேட்கலாம். கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா, போஞ்சி ஆகியவை நுவரெலியா மலையில் வெள்ளைக்காரர் காலத்தில் வேரூன்றி, லாரியில் யாழ்ப்பாணச் சந்தைக்கு வந்து, நம் அம்மாமார் கையில் வறையாகவும் பால்கறியாகவும் மாறியவை. இங்கே அவை பக்கத்துக் கவுண்டியில் விளைகின்றன. தேங்காய்ப்பூ போட்டு லீக்ஸ் வறை செய்யும்போது நீங்கள் ஊர்ச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்குள்ள தோட்டக்காரர்கள் சிலர் கண்ணாடிக் குடிலில் வெயிலை மட்டும் நம்பிப் புடலையும் சுரையும் போடுகிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

கடைக்குப் போகும் வழியையும் பாருங்கள். பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 170 கிராம் கரியமிலவாயுவை விடும். பதினாறு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் 5 கிலோவுக்கு மேல். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காகத் தனியாகக் காரை எடுப்பதென்றால், கறிவேப்பிலை பறந்து வந்த புகையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் அந்தப் பயணத்தில் போகிறது. மாதத்துக்கு இரு முறை, வேறு வேலையோடு சேர்த்துப் போனால் போதும்.

வீணாக்குவதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. பிரிட்டன் வீடுகளில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டன் உணவு குப்பைக்குப் போகிறது. பறந்து வந்த வெண்டிக்காய் குளிர்பெட்டியின் அடித்தட்டில் கறுத்துக் கிடந்தால், அந்த எரிபொருள் எதற்காக எரிந்தது? அரைக் கிலோ தேவையென்றால் அரைக் கிலோ வாங்குங்கள்.

ஊருக்குப் போய்வரும் பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் கணக்கின் அளவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: ஒருவர் கொழும்புக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயு. நால்வர் குடும்பத்துக்கு 8 டன். வாரம் அரைக் கிலோ முருங்கைக்காய் நாற்பது ஆண்டு வாங்கினாலும் அதை எட்டாது. போகாதீர்கள் என்று சொல்லும் மனம் எனக்கில்லை. அம்மம்மாவைப் பார்க்காமல் வளரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் போனால் நீண்ட நாள் இருந்துவிட்டு வாருங்கள். இரண்டு குட்டிப் பயணத்தைவிட ஒரு நீண்ட விடுமுறை எல்லா வகையிலும் நல்லது.

மகளிடம் அதே படத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள். இந்த முறை கோட்டின் தடிப்பைப் பார்த்து வரையட்டும். கப்பலில் வந்தது பென்சில் கோடு, லாரியில் வந்தது பேனாக் கோடு, விமானத்தில் வந்தது தடித்த மார்க்கர். பிறகு ஒவ்வொரு பொருளும் விளைந்த இடத்தில் அதன் வயல் பாரத்துக்கு ஏற்ப ஒரு வட்டம். நெல்லுக்கு நடுத்தர வட்டம், பருப்புக்குப் புள்ளி. ஆறாவதாக ஆட்டிறைச்சியையும் சேர்க்கட்டும். வேல்ஸின் மேல் பெரிய வட்டமும் அதிலிருந்து ஒரு மெல்லிய குட்டைக் கோடும் வரும். அதை வகுப்புக்கு எடுத்துப்போகட்டும். ஆசிரியையோடு சண்டை போட வேண்டியதில்லை. நல்ல ஆசிரியையாக இருந்தால் அடுத்த ஆண்டுப் பாடத்தில் அதுவே சேரும்.

கறிவேப்பிலைச் செடி பிழைக்கும். ஊரிலிருந்து கன்றைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அதற்கு அனுமதி இல்லை, நோயும் பூச்சியும் கூடவே வந்துவிடும். இங்குள்ள நாற்றுப்பண்ணைகளிலேயே கன்று கிடைக்கிறது. தெற்குப் பார்த்த சன்னலில், அடியில் நன்றாகத் துளையுள்ள தொட்டியில் வையுங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை வெளியே வெயிலில் இருக்கலாம். குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் இலை மஞ்சளாகி உதிரும். செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றுவதால்தான் பலருடைய செடி உண்மையிலேயே செத்துப்போகிறது, வேர் அழுகி. அந்த மாதங்களில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு குவளை போதும். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் ஏப்ரலில் துளிர்க்கும். முதல் ஆண்டு இலை பறிக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை வைக்கும். கோடையில் மிஞ்சும் இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, டப்பாவில் போட்டு உறையவைத்துவிட்டால் பங்குனி வரை தாளிக்க வரும்.